அணைத்த பிறகு பதினோரு விநாடி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே முழு நம்பிக்கை இல்லை. அந்த அறைக்குப் போக எத்தனை படி இறங்கவேண்டும், பம்ப் மெக்கானிக் அன்று இடுப்பை ஆட்டினாரா அல்லது தோளை மட்டும் ஆட்டினாரா என்றெல்லாம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மெக்கானிக்கிடமே கேட்டுப் பார்த்தேன். "நான் ஆடவே இல்லையே" என்றார். கேட்பதற்கு முன்பே பதில் தயாராக இருந்ததைப் பார்த்ததும், ஆடியிருக்கிறார் என்று உறுதியாயிற்று. பதினோரு விநாடியில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அது நூற்று நாற்பது தடவை எழுதியிருக்கிறது.

நோட்டு அவளுடையது. அந்தக் கட்டடத்தில் அவளுக்கு நிதானம் என்று பெயர். வைத்தவர் அவளுடைய அத்தான், அதாவது அக்கா கணவர். அவர்தான் அங்கே பம்ப் மெக்கானிக். மச்சினி நடந்து வருவதைப் பார்த்து ஒரு நாள், "நிதானம் வருது, வழி விடுங்க" என்றார். மறுநாளிலிருந்து சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் நிதானம்தான். முப்பத்தெட்டு வயது. மாடிப்படியில் தடுமாறியதில்லை, கோப்பையில் டீ தளும்பியதில்லை. யாராவது ஏதாவது கேட்டால் பதில் வர அரை நிமிடம் ஆகும். தெரியாதவர்கள் அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து உரக்கச் சொல்வார்கள். அதற்கும் அரை நிமிடம் ஆகும்.

அவளுடைய அறை கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாமல், நடுவில் கட்டில் அளவு இரும்பு மேசையோடு இருந்தது. மேசைமேல் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய். உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் உறிஞ்சிவிடும். பிறகு பேருக்குக் கொஞ்சம் நைட்ரஜன் வாயுவை விட்டு, இரண்டு முனைக்கும் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், குழாய் முழுக்க இளஞ்சிவப்பும் ஊதாவுமாய் வெளிச்சம் நிரம்பும். இதை மின்னிறக்கம் என்பார்கள். உள்ளே இருப்பது பிளாஸ்மா. பார்க்க அழகு. ஆனால் அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வது கஷ்டம். கல்யாண மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு உள்ளே கேட்கும் இரைச்சலை வைத்து ஆளை எண்ணுகிற மாதிரி.

அதற்குத்தான் லேசர். மண்டபத்துக்குள் தலையை நீட்டி ஒரே ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அவர் மட்டும் திரும்பிப் பார்ப்பார். லேசரின் ஊதா நிறத்தை மயிரிழை பிசகாமல் திருப்பி வைத்தால், எலக்ட்ரான் ஒன்றைப் பறிகொடுத்து நிற்கும் நைட்ரஜன் மூலக்கூறு, அதாவது அயனி, அந்த ஊதாவை வாங்கி விழுங்கிக்கொண்டு கொஞ்சம் நீலமாக ஒரு வெளிச்சத்தைத் திருப்பித் தரும். அந்த நீலத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டிக்குப் பின்னால் ஒரு உணர்கருவி உட்கார்ந்திருக்கும். எவ்வளவு நீலம், அவ்வளவு அயனி; திரையில் ஒரு கோடு அந்த அளவுக்கு எழும். லேசரின் நிறத்தைச் சற்றுத் தள்ளி வைத்தால் கூப்பிட்ட பெயரில் ஆளே இல்லை என்று அர்த்தம். திரையில் கோடு தரையோடு படுத்துவிடும். முதல் வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிறத்தைத் துளித்துளியாக நகர்த்தி இதைச் சரிபார்த்திருந்தாள். கோடு எழுந்தும் படுத்தும் சீப்புப் பல் மாதிரி வந்தது. பிறகு ஒரு பல்லின் உச்சியில் லேசரை நிறுத்தினாள். அதன்பின் அங்கிருந்து நகர்த்தவில்லை.

அதிசயம் நடந்தது மின்சாரத்தை அணைத்தபோது. அணைத்தால் அயனி கண்ணிமைக்கும் நேரம்கூட உயிரோடு இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. ஒரு விநாடி, இரண்டு, ஐந்து, பத்து. பதினோராம் விநாடியில் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி செய்தாள், பதினொன்று. மறுநாளும் பதினொன்று. லேசரை மூடிப் பார்த்தாள், கோடு உடனே படுத்துவிட்டது. எனவே கருவியின் கோளாறு இல்லை. அணைப்பதற்குச் சற்று முன்பு கோட்டில் ஒரு சின்ன மேடு வந்தது. அதை மேசை ஆடியதென்று தள்ளிவிட்டாள். குழாயின் சுவரில் ஏதோ ஒன்று சக்தியைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது என்று ஒரு விளக்கமும் எழுதினாள். விளக்கம் நன்றாகவே இருந்தது. நல்ல விளக்கம் கிடைத்துவிட்டால் மனிதர் அதற்கு மேல் தேடுவதில்லை.

துறைத் தலைவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவுக்கு அன்றே கடிதம் எழுதினார். அந்தக் கட்டடத்தில் லேசர் ஒன்றுதான். அதைக் கேட்டு இரண்டு பேர் நின்றார்கள், ஒன்று நிதானம், இன்னொருவர் மேல்மாடியில் மீன் செதில்கள் ஏன் ஒளிர்கின்றன என்று ஆராயும் மீன்காரர். லேசர் யாருக்கோ அவருக்கே நிரந்தர வேலையும். ஒன்பது வருடமாக நிதானம் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படும் வேலையில் இருந்தாள். இது கடைசிப் புதுப்பித்தல். புதன்கிழமை குழு நேரில் வந்து பார்க்கும். பதினோரு விநாடி நிஜமென்றால் அவள் அங்கேயே இருப்பாள். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் மேசையைக் காலிசெய்ய வேண்டும்.

திங்கட்கிழமை காலை அத்தான் பம்புக்கு எண்ணெய் மாற்ற வந்தார். கருநீல உடுப்பு முழுக்க எண்ணெய்க் கறை. நிதானம் ஒரு லென்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தாள், இரண்டு கையும் நகர்த்த முடியாத நிலை.

"அத்தான், அந்தப் பக்கம் போய் மின்சாரத்தைக் கொஞ்சம் அணைச்சு விடுங்க."

"நானா? என்மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"ஒரு சுவிட்சு அத்தான்."

"அக்காவும் இப்படித்தான் சொல்லுவா. அப்புறம் சுவிட்சு உடைஞ்சிருக்கும்."

மேசையின் அந்தப் பக்கம் போய் அணைத்தார். திரையில் கோடு கல்லைப் போட்டமாதிரி விழுந்தது. பதினோரு விநாடி இல்லை, அரை விநாடிகூட இல்லை.

நிதானம் லென்ஸை விட்டாள். "என்ன பண்ணினீங்க?"

"அணைக்கச் சொன்ன, அணைச்சேன்."

"மறுபடி போட்டு, மறுபடி அணைங்க."

மறுபடியும் கல். அவளே போய் அணைத்து, வழக்கம்போல அங்கேயே நின்று அழுத்தமானியைப் படித்து நோட்டில் எழுதிவிட்டு வந்தாள். பதினொன்று. அத்தான் அணைத்தார், பூஜ்யம். அவள், பதினொன்று. அவர், பூஜ்யம்.

"அதுக்கு என்னைப் பிடிக்கல" என்றார் அத்தான். "ஒன்பது வருஷமா பம்பைத் துடைச்சு எண்ணெய் ஊத்தி வளர்த்தது நான். சாகும்போது உன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் சாகுமாம்."

அரை நிமிடம் போனது, பிறகு ஐந்து நிமிடம். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டார். பம்ப் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. அவள் மனத்தில் அப்போது ஒரே ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது தடவையும் பதினொன்று. பத்தரை இல்லை, பன்னிரண்டு இல்லை. இயற்கைக்கு ஏது இத்தனை ஒழுங்கு?

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக மாடிக்குப் போனாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள்.

இனி நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும், ஏனென்றால் மற்றவர் மறுக்கிறார். திரும்பி வந்தபோது அறைக்குள் அத்தான் அவளுடைய கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். தோள் தைத்த இடம் பிய்ந்துவிடுமோ என்றிருந்தது. பட்டன் எதுவும் எட்டவில்லை. மச்சினியைப்போல உதட்டைக் குவித்து, ஒவ்வொரு அடியாக அளந்து வைத்து, சுவிட்சிடம் போய், அதற்கு ஒரு வணக்கம் வைத்து, அணைத்தார். பிறகு இல்லாத நோட்டில் இல்லாத பேனாவால் எழுதினார். "பதி...னொன்...று" என்று இழுத்தார். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் ஒரு சின்ன ஆட்டமும் போட்டார்.

வாசலில் நின்ற நிதானம் அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். அத்தான் இடப்பக்கம் சாய்ந்தால் கோடு எழுந்தது. வலப்பக்கம் சாய்ந்தால் படுத்தது. இடம், வலம், இடம், இடம், வலம். செத்துப்போன வாயு தாளம் தப்பாமல் ஆடியது.

"அத்தான், அப்படியே நில்லுங்க."

அவர் உறைந்துபோனார். "நான் சும்மா..."

"அப்படியே. இடப்பக்கம் சாஞ்சு நில்லுங்க. கோட்டைக் கழட்டாதீங்க."

நாற்காலியில் உட்கார்ந்து லேசரின் நிறத்தை நகர்த்தினாள். சீப்பின் இரண்டு பல்லுக்கு நடுவே, எந்த அயனியும் பதில் சொல்லாத இடத்துக்கு. கோடு இறங்கவில்லை. இன்னும் நகர்த்தினாள். இறங்கவில்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான்தான் நான்தான் என்று கை தூக்கியது. பிறகு பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, ஒரு கணம், செய்யக் கூடாததைச் செய்தாள், வெறும் கண்ணால் பார்த்தாள். அந்த மஞ்சள் கண்ணாடி ஊதாவையும் நீலத்தையும் கண்ணுக்கு வராமல் தடுப்பதற்கென்றே செய்தது. ஒன்பது வருடமாக அதைப் போட்டுக்கொண்டுதான் இங்கே நடமாடியிருக்கிறாள். இப்போது அத்தானின் வயிற்றில், கோட்டின் நடுவில், ஒரு நாணயம் அளவு நீலம் பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. குழாயின் முனைக் கண்ணாடியில் பட்டுத் தெறித்த லேசர் துணுக்கு அங்கே விழுந்துகொண்டிருந்தது.

"என் வயித்துல என்ன இருக்கு?" என்றார் அத்தான் பயந்துபோய்.

"சோப்புப் பவுடர்" என்றாள் நிதானம்.

துணி வெள்ளையாகத் தெரியவேண்டும் என்று சலவைப் பவுடரில் ஒரு சாயம் கலப்பார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஊதாவை வாங்கிக்கொண்டு நீலமாகத் திருப்பித் தரும். அவளுடைய அயனி தரும் அதே நீலம், அதே வடிகட்டி வழியாகப் போகும் நீலம். சுவிட்சை அணைத்து, அழுத்தமானியைப் படித்து, எழுதி முடிக்க அவளுக்குப் பதினோரு விநாடி ஆகும். அத்தனை நேரமும் தெறித்த லேசர் அவள் கோட்டின்மேல் விழுந்துகொண்டிருக்கும்; அத்தானின் கறை படிந்த உடுப்பில் ஒளிர ஒன்றுமில்லை. அவள் நிதானம் ஆயிற்றே. எப்போதும் அதே பதினொன்று.

அத்தான் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தவர் நிறுத்திக்கொண்டார்.

"புதன்கிழமைதானே வர்றாங்க?"

"ஆமா."

"உங்க அக்கா என்னை உயிரோட விடமாட்டா. 'என் தங்கச்சி வேலையில வாயை வச்சீங்களா'ன்னு கேப்பா."

"நீங்க வாயை வைக்கல. வயித்தை வச்சீங்க."

அவள் ஜோக் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கோட்டைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தார்.

சாயங்காலம் வீட்டில் அவளுடைய கணவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். காற்புள்ளி தப்பினாலும் தூக்கம் வராத மனிதர். வீட்டில் சலவை அவர் பொறுப்பு, அதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு.

"எவ்வளவு பவுடர் போடுவீங்க?" என்று கேட்டாள்.

"டப்பாவில சொன்னது ஒரு மூடி. நான் ரெண்டரை போடுவேன். ஏன், கறை போகலையா?"

"போயிடுச்சு. ரொம்ப வெள்ளையா இருக்கு."

"அப்பாடா, ஒன்பது வருஷத்துல ஒரு பாராட்டு."

அவள் கொடியின் மறுமுனையில் நின்று ஒவ்வொரு துணியாகத் தடவிப் பார்த்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அவளோடு வாழ்ந்து பழகியவருக்கு எந்த மௌனத்தில் குறுக்கிடலாம், எதில் கூடாது என்று தெரியும். கடைசியில் கிளிப் டப்பாவை அவள் கையில் கொடுத்து, "எதுவா இருந்தாலும் நான் இருக்கேன்" என்றார். பிறகு, "பவுடரைக் குறைக்கணுமா?" என்றார். அவள் தலையாட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இதை வியாழக்கிழமை கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?"

அவள் நோட்டை அவர் முன்னால் திறந்து வைத்தாள்.

"நான் பொய் சொல்லச் சொல்லல. நாளைக்கு வழக்கம்போலச் செஞ்சு காட்டுங்க. அவங்க பார்ப்பாங்க, போவாங்க, கையெழுத்துப் போடுவாங்க. அடுத்த வாரம் ஒரு திருத்தம் எழுதிக்கலாம். உலகத்துல எழுதாத திருத்தமா? ஒன்பது வருஷம்மா. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவளை அறிந்த யாரும் செய்யாத தவறு அது.

அன்று முழுவதும் அவள் அறையில் தனியாக இருந்தாள். தலைவர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பதுதான் அவளை உறுத்தியது. பொய்யே சொல்லவேண்டாம், கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாலே போதும். மற்றதைச் சோப்புப் பவுடர் பார்த்துக்கொள்ளும். நோட்டைப் புரட்டினாள். பதினொன்று, பதினொன்று, பதினொன்று. தன் கையெழுத்து இவ்வளவு அழகாக இருப்பதை அன்றுதான் கவனித்தாள்.

புதன்கிழமை குழு வந்தது. தலைமை ஒரு மெலிந்த வேதியியல் அம்மாள். கூட இரண்டு பேர். ஒருவர் கண்கூசும் வெள்ளைச் சட்டை, மற்றவர் பல வருடம் துவைத்துச் சாயம் போன பழுப்புச் சட்டை. ஆளுக்கொரு மஞ்சள் கண்ணாடி கொடுத்தார்கள். அத்தான் பம்புக்குப் பக்கத்தில், அன்று பார்க்க வேலையே இல்லாதபோதும், ஒரு திருகைத் திருகியபடி இருந்தார்.

நிதானம் கோட்டோடு போய் அணைத்தாள். பதினோரு விநாடி. பழுப்புச் சட்டை வாயைப் பிளந்தார். தலைவர் மூச்சு விட்டார்.

"சார், நீங்க ஒரு தடவை அணைச்சுப் பாருங்களேன்" என்றாள் வெள்ளைச் சட்டையிடம்.

தலைவருக்கு இருமல் வந்தது.

வெள்ளைச் சட்டை ஆர்வமாகப் போய் அணைத்தார். "அங்கேயே நில்லுங்க சார்" என்றாள். பதினொன்று தாண்டியது. முப்பது தாண்டியது. ஒரு நிமிடம் ஆயிற்று. அயனி சாகவில்லை, அவள் நின்றபோது இருந்ததைவிடத் தெம்பாகவே இருந்தது.

"என் கையில ஏதோ இருக்குபோல" என்றார் வெள்ளைச் சட்டை பெருமையாக.

"இருக்கலாம் சார். கொஞ்சம் பின்னாடி போங்க."

கோடு விழுந்தது.

"முன்னாடி வாங்க."

எழுந்தது. அவருக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. முன்னால், பின்னால், மறுபடி முன்னால். பழுப்புச் சட்டை, "நகருய்யா, நான் பார்க்கிறேன்" என்று போய் நின்றார். பூஜ்யம். எக்கி நின்றார், குனிந்து நின்றார். பூஜ்யம். "எனக்கு ஏன் வரமாட்டேங்குது?" என்று குழந்தைபோலக் கேட்டார். அத்தான் திருகைக் கீழே போட்டார்.

வேதியியல் அம்மாள் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "உங்க சட்டையைத் துவைக்கிறது யாரு?" என்றார்.

"என் மனைவி. ஏன்?"

"நல்லாத் துவைக்கிறாங்க." பிறகு நிதானத்திடம் திரும்பினார். "இது எப்போ தெரிஞ்சது?"

"திங்கட்கிழமை."

"எங்களுக்கு எழுதினது?"

"போன மாசம்."

"யாரு கண்டுபிடிச்சது?"

"என் அத்தான். அதோ, பம்ப் மெக்கானிக்."

"எப்படி?"

"என்னை மாதிரி நடிச்சுக் காட்டிக்கிட்டிருந்தார் மேடம். நான் பார்த்துட்டேன்."

அத்தான் தரையில் எங்கோ திருகைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சரி, வெள்ளைத் துணி இல்லாம, அணைச்ச பிறகு நிஜமா எவ்வளவு நேரம் இருக்கு?"

"என் கருவியால அளக்க முடியாத அளவுக்குக் கம்மி."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"ஆமா மேடம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

அம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேருமே மௌனத்துக்குப் பயப்படாதவர்கள், யாரும் அதைக் கலைக்கவில்லை. பம்ப் முனகியது. தலைவர் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார். கடைசியில் அம்மாள் மஞ்சள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மேல போய் மீனைப் பார்க்கலாம்" என்று படியேறினார்.

லேசர் மீன்காரருக்குப் போனது. நிரந்தர வேலையும் அவருக்கே போனது. அவர் அதை வாங்கிக்கொள்ள வந்தபோது வெட்கப்பட்டார், ஆனால் வாங்கிக்கொண்டார். குழுவுக்கு அனுப்பிய முடிவைத் திரும்பப் பெறுவதாக நிதானம் நான்கு வரி எழுதி அனுப்பினாள். மீதியிருந்த இரண்டு மாதத்தில், மின்சாரம் ஓடும்போது குழாயில் எத்தனை அயனி இருக்கிறது என்று அளந்தாள். யாரும் வியக்காத எண் அது. அச்சாகியிருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. பிறகு ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தலைவர் இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றலானார். வேதியியல் அம்மாள் ஓய்வு பெற்று, அதற்கடுத்த வருடம் காலமானார். வெள்ளைச் சட்டையும் பழுப்புச் சட்டையும் இன்னும் குழுக்களில் இருக்கிறார்கள். அச்சகம் மூடியபிறகு நிதானத்தின் கணவர் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறார். அத்தான் மீன்காரரின் பம்புகளைக் கவனித்துக்கொள்கிறார். அக்கா அவரோடு மூன்று வாரம் பேசவில்லை, பிறகு பேசினாள்.